தாத்தா சொன்ன ஆண்டா, மரம் சொல்லும் ஆண்டா?

அமெரிக்காவில் ஏரிக்கரையிலோ மலைக்காட்டிலோ ஒரு பழைய லாக் கேபினை, அதாவது மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீட்டை, மூன்று நான்கு தலைமுறையாக வைத்திருக்கும் குடும்பத்திடம் "இதை யார் கட்டியது?" என்று கேளுங்கள். பதில் உடனே வரும்: கொள்ளுத்தாத்தா, தன் கையாலேயே, இன்ன ஆண்டில். "அது எப்படித் தெரியும்?" என்று அடுத்துக் கேட்டால்தான் சித்தப்பா ஒன்று சொல்வார், அத்தை வேறொன்று சொல்வார்.

அந்த வரலாற்றைத் தேட நான்கு வழிகள் உண்டு: வீட்டுப் பெரியவர்களின் நினைவு, நிலப் பத்திரங்கள், கேபினில் கிடக்கும் வருகை நோட்டு, சுவரில் இருக்கும் மரம். நான்கும் ஒரே பதிலைத் தருவது அபூர்வம்.

நினைவிலிருந்து தொடங்கலாம். அது எவ்வளவு தூரம் வழிதவறும் என்பதற்கு லிங்கன் கேபினே போதும். ஆபிரகாம் லிங்கன் 1809 பிப்ரவரி 12 அன்று கென்டக்கியில் ஒரு மரக்கட்டை வீட்டில் பிறந்தார். அதில் சந்தேகமில்லை. அந்த வீடு எது என்பதில்தான் சிக்கல். 1890களில் நியூயார்க் தொழிலதிபர் ஒருவர் அந்தப் பண்ணையை வாங்கினார். அக்கம்பக்கத்தில் நின்ற பழைய கேபின் ஒன்றின் கட்டைகளைக் கொண்டுவந்து அடுக்கி, இதுதான் லிங்கன் பிறந்த வீடு என்றார். ஊர்ப் பெரியவர்கள் சிலரும் ஆமாம் என்றார்கள். பிறகு அதைப் பிரித்துக் கண்காட்சிகளுக்கு அனுப்பினார்கள். 1897இல் நாஷ்வில் கண்காட்சியில், உள்நாட்டுப் போரில் லிங்கனை எதிர்த்த தென்மாநிலங்களின் தலைவர் ஜெபர்சன் டேவிஸ் பிறந்ததாகச் சொல்லப்பட்ட இன்னொரு கேபினும் கூடவே நின்றது. பிறகு பிரித்து எடுத்துப் போனதில் இரண்டின் கட்டைகளும் கலந்துபோயின. 1911இல் அந்தப் பண்ணை இருந்த ஹாட்ஜன்வில்லில் 56 படிகளுடன் பெரிய நினைவு மண்டபம் எழுந்தது. உள்ளே ஆட்கள் சுற்றிவர இடம் போதவில்லை என்று கேபினையே சிறிதாக்கினார்கள். மண்டபத்துக்காக வீட்டை வெட்டிய கதை இது! 2004இல் ஆண்டுக்கு ஒன்றாக மரத்துக்குள் வளரும் வளையங்களை ஆராய்ந்தபோது அந்தக் கட்டைகள் 1840களில் வெட்டப்பட்டவை என்று தெரிந்தது. லிங்கனுக்கு அப்போது முப்பது வயது தாண்டிவிட்டது.

ஒரு நாடே கண்ணும் கருத்துமாகக் காத்த கேபினுக்கே இந்தக் கதி. நம் வீட்டுக் கேபின் விஷயத்தில் பாட்டி பத்து, இருபது ஆண்டு தவறவிட்டால் அவரைக் குறைசொல்ல முடியாது. குடும்ப நினைவில் அடிக்கடி நேர்வது இரண்டு தவறுகள். "வாங்கினார்" என்பது காலப்போக்கில் "கட்டினார்" ஆகிவிடும். இரண்டு தலைமுறை ஒட்டி ஒரே தாத்தாவாகிவிடும். அதற்காக நினைவைத் தள்ளிவிட வேண்டாம். கதவு ஏன் ஏரியைப் பார்க்காமல் காட்டைப் பார்க்கிறது, எந்தக் கோடையில் அண்ணன் தம்பிக்குப் பேச்சு நின்றது என்பதெல்லாம் எந்த ஆவணத்திலும் இருக்காது. ஆண்டை மட்டும் அவர்களிடம் கேட்காதீர்கள். "அப்போது உங்களுக்கு எத்தனை வயது, பள்ளியில் இருந்தீர்களா?" என்று கேளுங்கள். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது காகிதம். 1862இல் அதே லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டத்தின் கீழ் கிடைத்த நிலமாக இருந்தால் அதிர்ஷ்டம்தான். 160 ஏக்கர் வரை எடுத்து, ஐந்து ஆண்டு குடியிருந்து, பயிர் செய்து காட்டினால் அன்று நிலம் சொந்தம். பலரும் இணையத்தில் பட்டாவைக் கண்டுபிடித்து, அதில் உள்ள தேதியையே கேபின் கட்டிய ஆண்டாக எடுத்துக்கொள்கிறார்கள். தவறு. பட்டா கைக்கு வருமுன்பே குடும்பம் அங்கே ஆண்டுக்கணக்கில் குடியிருந்திருக்க வேண்டும், அதுதான் நிபந்தனையே. பட்டாவில் பெயரும் நில அடையாளமும் தேதியும்தான் இருக்கும். விஷயம் அதன் பின்னால் உள்ள கோப்பில் இருக்கிறது. அது தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். மனுதாரரும் இரண்டு சாட்சிகளும் கொடுத்த வாக்குமூலம் அதில் இருக்கும்: எப்போது குடியேறினார், வீடு எத்தனை அடி, எவ்வளவு நிலம் உழுதார் என்று.

ஆனால் காகிதமும் சத்தியம் அல்ல. நிலம் கிடைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது அது. "12-க்கு 14 வீடு" என்று சத்தியம் செய்துவிட்டு அடிக்குப் பதில் அங்குலத்தில் பொம்மை வீடு வைத்தவர்களைப் பற்றியும், சக்கரம் பூட்டிய வீட்டை நிலத்துக்கு நிலம் இழுத்துச் சென்றவர்களைப் பற்றியும் மேற்கில் கதைகள் உலவுகின்றன. கேபின் தேசிய வனத்துக்குள் இருந்தால் தேட வேண்டிய இடமே வேறு. 1915 சட்டப்படி வீடு குடும்பத்துடையது, நிலம் அரசுடையது. இன்றும் சுமார் 14,000 கேபின்கள் இந்த ஏற்பாட்டில்தான் நிற்கின்றன. அவற்றுக்கு நிலப் பத்திரம் கிடையாது. வனத்துறையிடம் உள்ள அனுமதிக் கோப்பைத்தான் கேட்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது வருகை நோட்டுதான். வருகிறவர்கள் எல்லாரும் இரண்டு வரி எழுதிவிட்டுப் போகும் நோட்டு: மழை, கொசு, சமையலறையில் எலி, பிடித்த மீன். மீனின் எடையை நம்ப வேண்டாம். "புதுக் கூரை ஒழுகவில்லை" என்ற வரியைத் தாராளமாக நம்பலாம். அதை எழுதியவருக்குப் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை. ஒரே குறை, நோட்டு தொடங்குவதற்கு முன் நடந்தது எதையும் அது சொல்லாது. அந்த இடைவெளியில் சுவரே நோட்டாக உதவுவதும் உண்டு. குளிருக்காக உட்சுவரில் பழைய செய்தித்தாள் ஒட்டியிருப்பார்கள். அதில் 1893 என்று இருந்தால், ஒட்டியது அதற்குப் பிறகு என்று அர்த்தம், 1893லேயே என்று அல்ல. ஆணியும் அப்படித்தான். கம்பி ஆணி 1890களில்தான் இரும்புத் தகட்டில் வெட்டியெடுத்த பழைய ஆணியை ஓரங்கட்டியது. ஆனால் ஆணி சொல்வது அந்தப் பலகையை அடித்த காலத்தை மட்டுமே, வீட்டின் வயதை அல்ல.

கடைசியாக மரம். வளையங்களை வைத்து ஆண்டு கணிக்கும் முறையை உருவாக்கிய ஏ. இ. டக்ளஸ் ஒரு வானியலாளர். சூரியப் புள்ளிகளின் சுழற்சியைத் தேடி மரத்துக்குள் போனவர். துளைப்பானால் கட்டையின் மையத்தை நோக்கி ஒரு குச்சி எடுப்பார்கள். தேய்த்து வழவழப்பாக்கி நுண்ணோக்கியில் வைத்தால் வளையங்கள் கோடுகளாகத் தெரியும்: மழை பெய்த ஆண்டு அகலம், வறண்ட ஆண்டு முடி போல ஒல்லி. அந்த வரிசையை அந்தப் பகுதியில் ஏற்கெனவே ஆண்டு கணித்து வைத்திருக்கும் வரிசையோடு பொருத்துவார்கள்.

இதில் எல்லாமே கடைசி வளையத்தில்தான் இருக்கிறது. பட்டைக்கு நேர் கீழே இருந்த அந்த வளையம் இருந்தால்தான் வெட்டிய ஆண்டு கிடைக்கும். உருண்டைக் கட்டையில் பட்டையை மட்டும் உரித்திருந்தால் அது தப்பியிருக்கும். இருபுறமும் தட்டையாகச் செதுக்கிய கட்டையில் போயிருக்கும். ஆனால் இடுக்கு அடைத்த களிமண்ணுக்குப் பின்னால், மேல்பக்கத்தில், கோடாரி படாத வளைவு ஒளிந்திருக்கலாம். பார்க்க வேண்டிய இடம் அதுதான். கடைசி வளையம் அடர்ந்த கருங்கோடோடு முழுதாக முடிந்திருந்தால், மரம் விழுந்தது வளர்ச்சி நின்ற பிறகு, அதாவது இலையுதிர் காலத்திலோ குளிரிலோ என்றுகூடச் சொல்லிவிடுவார்கள்.

ஆனாலும் மரம் சொல்வது தான் விழுந்த நாளை, வீடு எழுந்த நாளை அல்ல. லாக் கேபினைப் பிரித்து இன்னொரு இடத்தில் அடுக்குவது அந்தக் காலத்தில் சாதாரணம். மூலைகளில் உளியால் வெட்டிய ரோமன் எண்கள் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். நேர்க்கோடுகள் என்பதால் உளிக்கு எளிது. பிரித்தவர்கள் வரிசை மாறாமலிருக்க இப்படிக் குறித்துவைப்பது உண்டு. ஒரு கட்டையை மட்டும் துளைத்து முடிவு சொல்வதும் ஆபத்து. அடிக்கட்டை மண் ஈரத்தில் முதலில் மக்கும், அதனால் முதலில் மாற்றப்படுவதும் அதுதான்.

"எந்த ஆண்டு" என்ற கேள்விக்கு மட்டும் என் ஓட்டு மரத்துக்கு. "யார்" என்றால் காகிதம், பட்டாவோடு நிறுத்தாமல் கோப்புவரை போனால். காசும் நேரமும் குறைவு என்றால் துளைப்பானைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கோப்பு காப்பகத்தில் காத்திருக்கும், கட்டையும் காத்திருக்கும். எண்பது தாண்டிய அத்தையிடம்தான் இந்தக் கோடையிலேயே ரெக்கார்டரோடு போய் உட்கார வேண்டும்.

துளை போட்டே ஆக வேண்டும் என்றால், முடிந்ததும் அதே தடிமனில் ஒரு மரக்குச்சியைச் செருகி அடைத்துவிடுங்கள். எந்தக் கட்டை, எந்தப் பக்கம், எந்தத் தேதி என்று வருகை நோட்டில், மீன் எடைக்கு அடுத்த வரியில் எழுதிவையுங்கள். இல்லையென்றால் நாற்பது ஆண்டு கழித்து யாரோ அதைத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்த ஓட்டை என்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.