டர்பன்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கிளாஸுக்கு மூடில் – பல வருஷ அனுபவம்

திருநெல்வேலில ஒரு காலேஜ்ல புதுசா லெக்சரரா சேர்ந்திருக்குற என் சித்தி பொண்ணு போன வாரம் கேட்டா, "அக்கா, எங்க காலேஜ்லயும் மூடில் கொண்டு வர்றாங்க, எல்லாரும் வீடியோ எடுத்துப் போடணும்ங்கிறாங்க, நல்ல கேமரா எது வாங்கலாம்"னு. கேமரா வாங்காதன்னுதான் அவகிட்ட மொதல்ல சொன்னேன். ஏன்னு போன்ல சொல்லி முடியல, இந்த மாதிரி யோசனைல இருக்குற மத்தவங்களுக்கும் ஆகட்டுமேன்னு எழுதுறேன்.

நான் தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல ஒரு காலேஜ்ல காமர்ஸ் பசங்களுக்கு முதல் வருஷ ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுக்குறேன். மூடில் என்னன்னு தெரியாதவங்களுக்கு, பாடம், அசைன்மென்ட், டெஸ்ட், மார்க் எல்லாத்தையும் ஒரே எடத்துல வச்சுக்கிற சாஃப்ட்வேர், ஆஸ்திரேலியாவுல பெர்த்ல இருந்த மார்ட்டின் டூகியாமாஸ் ஆரம்பிச்சது, 2002ல முதல் வெர்ஷன் வந்துச்சு, ஓப்பன் சோர்ஸ். லைசென்ஸுக்கு காசு கிடையாது, ஆனா சர்வருக்கும் அத பாத்துக்குற ஆளுக்கும் காசு வேணும், அத பட்ஜெட்ல மறந்துடுறாங்க. இங்க குவாசுலு நட்டால் பல்கலைக்கழகத்துலயும் மூடில்தான்.

என் கிளாஸ்ல பாதிக்கு மேல வீட்ல இசிசுலு (ஜூலு மொழி) பேசுற பசங்க, டர்பன் ஓரத்துல உம்லாசி, குவாமாஷுல இருந்து வர்றவங்க, இன்னும் உள்ள தள்ளி கிராமத்துல இருந்து வந்து தங்கிப் படிக்கிறவங்க. மிச்சத்துல சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து இந்தியப் பசங்க, பிள்ளை, படையாச்சி, செட்டின்னு பேரு இருக்கும், 1860ல ட்ரூரோ கப்பல்ல ஆரம்பிச்சு கரும்புத் தோட்டத்துக்கு வந்தவங்க வம்சம், வீட்ல இங்கிலீஷ்தான். எல்லாருக்கும் பொதுவா இருக்குறது ஒண்ணு, லேப்டாப் இல்ல, ஃபோன் மட்டும்தான், டேட்டாவ அளந்து அளந்துதான் செலவு பண்ணுவாங்க.

2020 மார்ச் கடைசில லாக்டவுன் வந்தப்ப எல்லா லெக்சரர்ங்களும் வீடியோல எறங்கினாங்க. அந்த நேரத்துல நெட்வொர்க் கம்பெனிங்க நிறைய கல்வித் தளங்கள ஜீரோ ரேட்டிங் பண்ணாங்க, அதாவது அந்த சைட்டுக்குள்ள போனா டேட்டா கழியாது. ஆனா யூடியூப் லிங்க் குடுத்தா அது வெளிய போயிடுது, அதுக்கு டேட்டா கழியும். ஒரு மணி நேர வீடியோ சுமாரான தரத்துல பாத்தாலே நூத்துக்கணக்குல எம்பி போயிடும், க்விஸ் ஒண்ணு எழுத அதுல ரொம்ப சின்னப் பங்குதான் ஆகும். பசங்க எதத் தெறக்குறாங்கன்னு பாத்தாலே புரிஞ்சுடும். நான் இப்ப ஸ்லைடோட சின்ன ஆடியோ மட்டும்தான் போடுறேன், அது போதும், அதுலயும் பாடத்துல சிக்கலான எடத்துக்கு மட்டும்.

மொத்தத்துல பசங்க படிப்புக்கு கை குடுத்தது க்விஸ்தான். மார்க் வாங்குற டெஸ்ட சொல்லல, வாராவாரம், மார்க் கணக்குல சேராம, எத்தன தடவ வேணா எழுதுற மாதிரி வைக்கிற க்விஸ். திரும்பத் திரும்பப் படிக்கிறதவிட மூடி வச்சுட்டு நெனப்புல இருந்து எழுதிப் பாக்குறதுதான் மனசுல நிக்கும்னு ரோடிகர், கார்பிக்னு ரெண்டு பேர் 2006ல ஆராய்ச்சி பண்ணி காமிச்சாங்க: அஞ்சு நிமிஷம் கழிச்சு கேட்டா திரும்பப் படிச்சவங்கதான் ஜாஸ்தி சொன்னாங்க, ஒரு வாரம் கழிச்சு கேட்டப்ப எழுதிப் பாத்தவங்க 56 சதவீதம், திரும்பப் படிச்சவங்க 42. பரிட்சைக்கு மொத நாள் ராத்திரி நோட்ஸ புரட்டுற பசங்களுக்கு இத சொல்லியே ஆகணும்.

அதுல நான் ரொம்ப நம்புறது கால்குலேட்டட் டைப் கேள்வி. எண்ணுக்குப் பதிலா மாறி (வேரியபிள்) வச்சு எழுதிட்டா ஒவ்வொருத்தருக்கும் வேற வேற எண் வரும். உம்லாசிலேர்ந்து டவுனுக்கு வர டாக்ஸிக்கு (இங்க டாக்ஸின்னா பல பேர் ஏறுற ஷேர் வேன்) அஞ்சு நாள் எவ்வளவு நேரம் ஆச்சுன்னு அஞ்சு எண் குடுத்து, இத சேம்பிளா, அதாவது மொத்தத்துல ஒரு பகுதியா எடுத்துக்கிட்டு, ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (எண்ணுங்க சராசரிலேர்ந்து எவ்வளவு செதறியிருக்குன்னு காட்டுற அளவு) கேட்பேன். சரியான விடைக்கு ஃபார்முலா ஒண்ணு போட்டாச்சா, கூடவே தப்பான விடைக்கும் ஒரு ஃபார்முலா போடலாம். எண்ணிக்கைல ஒண்ணு கழிக்காம அஞ்சாலயே வகுத்தா என்ன விடை வருமோ அத ரெண்டாவதா வச்சு, பாதி மார்க் குடுத்து, "அஞ்சால வகுத்திருக்க, இது சேம்பிள், நாலால வகு"ன்னு ஃபீட்பேக் எழுதி வச்சேன். அவ்வளவு பேர் நோட்டையும் நான் ஒக்காந்து பாத்தாலும் ஒவ்வொருத்தருக்கும் இத எழுத முடியாது. இன்னொரு பலன், வாட்ஸ்அப் குரூப்ல விடைய அனுப்பி பிரயோஜனம் இல்ல, அதனால எப்படிப் போடணும்ங்கிறத வாய்ஸ் நோட்ல சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சாங்க. எனக்கு அதுல ரொம்ப சந்தோஷம்.

கமா விஷயத்துல கவனமா இருங்க. இங்க ஸ்கூல்ல மூணரைய 3,5ன்னுதான் எழுதப் பழகியிருப்பாங்க. நாங்க வச்சிருக்குற வெர்ஷன்ல ஒரே ஒரு கமா இருந்து புள்ளி இல்லன்னா அத தசமப் புள்ளியா எடுத்துக்கும், அதனால 3,5 சரியா வேலை செய்யும், ஆனா பன்னண்டாயிரத்து ஐநூற 12,500ன்னு போட்டா பன்னண்டரைன்னு எடுத்துக்கும். ஆயிரத்துக்கு கமா வேண்டாம்னு ஒவ்வொரு கேள்விக்கும் கீழ ஒரு வரி எழுதிடுங்க.

அடுத்தது கரண்ட். 2022, 2023ல லோட் ஷெடிங் (மின்சாரம் பத்தாம முறை வச்சு கட் பண்றது) உச்சத்துல இருந்தப்ப ஸ்டேஜ் 6 வரைக்கும் போச்சு, ஒரு ஸ்டேஜ்னா ஆயிரம் மெகாவாட் கொறைப்பாங்க, ஒரு நாள்ல பல தடவ கட் ஆகும், டவர் பேட்டரி சார்ஜ் ஏறுறதுக்குள்ள அடுத்த கட் வந்துடும், அப்ப ஃபோன் நெட்டும் போயிடும். எங்கள காப்பாத்துனது மூடில் ஆப்ல இருக்குற ஆஃப்லைன் க்விஸ். கேம்பஸ் வைஃபைல வெள்ளிக்கிழமை டவுன்லோட் பண்ணிக்குவாங்க, டாக்ஸில ஒக்காந்து எழுதுவாங்க, திங்கக்கிழமை காலைல வைஃபை கெடச்சதும் விடைங்க ஒண்ணொண்ணா வந்து விழும். ஆனா இதுக்கு நிபந்தனை இருக்கு, டைம் லிமிட் வைக்கக் கூடாது, செட்டிங்ல டெஃபர்ட் ஃபீட்பேக்தான் (முழுசா எழுதி அனுப்பினப்புறம்தான் சரி தப்பு காட்டும்) வைக்கணும். ஒவ்வொரு கேள்விக்கும் உடனே தப்பச் சொல்லி மறுபடி முயற்சி பண்ண விடுற இன்டராக்டிவ் மோட் ஆஃப்லைன்ல ஓடாது. எது வேணும்னு நிறைய யோசிச்சேன். உடனே ஃபீட்பேக் கெடச்சா நல்லதுதான், ஆனா நெட் இருக்குறவனுக்கு மட்டும் கெடைக்குற நல்லது எனக்கு வேண்டாம்னு ஆஃப்லைன் பக்கமே போயிட்டேன். 2024 மார்ச் கடைசிலேர்ந்து லோட் ஷெடிங் ரொம்பவே கொறஞ்சும் இத நான் மாத்தல, ஏன்னா டேட்டா பிரச்சன அப்படியேதான் இருக்கு.

மூடில்ல குளோசரி (கலைச்சொல் பட்டியல்) வசதியும் நல்லா இருக்கு. பசங்களே ரெண்டு ரெண்டு பேரா சேர்ந்து ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் இசிசுலுல விளக்கம் எழுதுறாங்க, அப்புறம் பாடத்துல அந்தச் சொல் எங்க வந்தாலும் தானா லிங்க் ஆயிடும். ஒரு படையாச்சி வீட்டுப் பொண்ணு, "ஆன்ட்டி, பாட்டிகிட்ட கேட்டு தமிழ்ல போடலாமா"ன்னா, தாராளமா போடும்மான்னேன். ஃபோரம் மட்டும் எங்ககிட்ட ஓடவே இல்ல, எல்லாம் வாட்ஸ்அப்ல பேசிக்கிறாங்க, அத இழுத்துட்டு வர முயற்சியும் பண்ணாதீங்க. 2022 நவம்பர்ல சாட்ஜிபிடி வந்தப்புறம் வீட்டுக்குக் குடுக்குற கட்டுரைய நிறுத்திட்டு, கூப்பிட்டு வச்சு வாய்மொழியா கேக்குறேன்.

கஷ்டம் எதுன்னா நேரம். தப்பு விடைக்கெல்லாம் ஃபீட்பேக் வச்ச நல்ல கேள்வி ஒண்ணு செய்யவே ஒரு சாயங்காலம் போயிடும், இந்த வேலைய எந்த நிர்வாகமும் கணக்குல எடுக்குறதில்ல. கேமரா, ஸ்மார்ட் போர்டுக்குக் குடுக்குற காச லெக்சரருக்கு வாரத்துல ரெண்டு பீரியட் கொறைக்கக் குடுத்தா எவ்வளவோ மேல்னு மீட்டிங்ல சொல்லிட்டேதான் இருக்கேன். டிபார்ட்மென்ட்ல நாலு பேர் சேர்ந்து ஒரே கொஸ்டின் பேங்க் வச்சுக்கிட்டா பாரம் பாதியாகும், எக்ஸ்எம்எல் ஃபைலா வேற காலேஜுக்கும் அனுப்பலாம்.

இப்ப எனக்கு எடஞ்சலா இருக்குறது பின்னம். நிகழ்தகவு பாடத்துல விடைய 3/8ன்னு எழுதுறதுதான் இயல்பு, ஆனா சாதாரண எண் கேள்வில தசமமா மாத்தித்தான் போடணும், அந்த மாத்துறதுலயே பாதிப் பேர் விட்டுடுறாங்க. இதுக்கு கிறிஸ் சாங்வின் உருவாக்குன ஸ்டாக்னு ஒரு பிளகின் (மூடில்ல சேத்துக்கிற கூடுதல் வசதி) இருக்கு, பின்னால மேக்சிமான்னு அல்ஜீப்ரா சாஃப்ட்வேர் ஓடும், பின்னத்தையும் இயற்கணிதக் கோவையையும் அப்படியே வாங்கி சரிபாக்கும். கென்யாவுல மசேனோ பல்கலைக்கழகத்துல கணக்குப் பாடத்துக்கு இதத்தான் எடுத்துக்கிட்டாங்க. ஐடி ஆளுங்ககிட்ட போடச் சொல்லியிருக்கேன், அடுத்த செமஸ்டர்ல நிகழ்தகவு பாடத்த மட்டும் அதுல வச்சுப் பாக்கப் போறேன்.