ஏப்ரல் 30 அறிக்கை: ஊர் எழுத்தரா, வட்டார மன்றமா?

அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டின் கொரோனா கால உதவிச் சட்டமான அமெரிக்க மீட்புத் திட்டச் சட்டப்படி நிதி பெற்ற சிற்றூர்கள், ஆண்டுதோறும் ஏப்ரல் 30க்குள் மத்தியக் கருவூலத் துறைக்குச் செலவு அறிக்கை அனுப்ப வேண்டும். இதை ஊர் எழுத்தரே செய்வது நல்லதா, பல ஊர்கள் சேர்ந்த வட்டார மன்றத்திடம் ஒப்படைப்பதா?

எழுத்தருக்கு ஒவ்வொரு ரசீதும் அத்துப்படி. குடிநீர்க் குழாய்க்கான பில் எது, தீயணைப்பு வண்டிக்கான பில் எது என்று பார்த்தவுடனே சொல்லிவிடுவார். ஆனால் ஊர் மன்றக் கூட்டக் குறிப்பு, வரி ரசீது எல்லாம் அதே ஒருவரின் தலையில்தான். அவர் வேலையை விட்டுப் போனால், அறிக்கை அனுப்பும் இணையதளத்தில் நுழையும் வழியும் அவரோடு போய்விடும். புதிதாக வருபவர் கணக்குத் திறக்கவே நாள் கணக்கில் அலைய வேண்டியிருக்கும். இதுதான் எனக்குப் பெரிய கவலை.

வட்டார மன்ற அலுவலருக்குப் படிவம் பழகிய ஒன்று, தேதியும் தவறாது. ரசீதின் பின்னணி மட்டும் தெரியாது. அறிக்கைக்குப் பொறுப்பும் ஊருடையதே.

கணக்கை எழுத்தர் எழுதட்டும். தேதியை வட்டார மன்றம் கண்காணிக்கட்டும். நிதி பெறுவோருக்கான மத்தியப் பதிவையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதையும் மன்றத்தின் நாட்காட்டியில் இன்றே குறித்துவிடுங்கள்.