சவ்வூடு பரவலைத் திரையில் காட்ட: சிவப்பு வெங்காயமா, ரியோவா, ஹைட்ரில்லாவா?

தாவரச் செல்லின் மேல் அடர்ந்த உப்புக் கரைசல் விட்டால், சவ்வூடு பரவலால் தண்ணீர் வெளியேறி, செல்லின் உள்பகுதி சுருங்கிச் சுவரை விட்டு விலகும்; இதுதான் பிளாஸ்மா சிதைவு. இதை டிஜிட்டல் நுண்ணோக்கியை வைத்து வகுப்பு முழுவதற்கும் ஒரே திரையில் காட்டுவதென்றால், உருப்பெருக்கத்தைவிட நிறம்தான் முக்கியம். நிறமற்ற பிளாஸ்மா சவ்வு செல் சுவரை விட்டு விலகுவது கேமராவில் சரியாகப் பிடிபடாது. வாக்குவோலில் (செல்லுக்குள் சாறு நிறைந்த பை) ஆந்தோசயனின் என்ற சிவப்பு-ஊதா நிறமி இருந்தால் கடைசி வரிசைக்கும் தெரியும்.

அந்த வகையில் சிவப்பு வெங்காயம்தான் முதல் தேர்வு. காய்ந்த மேல்தோல் வேண்டாம். அதில் இருப்பவை இறந்த செல்கள். அடுத்துள்ள சதைப்பற்றான இதழின் குவிந்த பக்கத்தில், நிறம் அடர்ந்த இடத்தில் 5 மி.மீ. சதுரமாகப் பிளேடால் மெல்லக் கீறி, ஒரு மூலையை இடுக்கியால் பிடித்து உரிக்க வேண்டும். குழிந்த பக்கத்துத் தோல் இழுத்ததும் கழன்றுவரும் என்பதால் பலரும் அதையே எடுக்கிறார்கள். அதில் நிறம் இல்லை. அயோடின் விட்டு ஈடுகட்டலாம் என்றால் அதுவும் நடக்காது: அயோடின் செல்லைக் கொன்றுவிடும், செத்த சவ்வு கரைபொருளைத் தடுக்காது, பிறகு எவ்வளவு உப்பு விட்டாலும் பிளாஸ்மா சிதைவு தெரியாது.

வெங்காயத்தின் குறை, உரிக்கும்போது அடியிலுள்ள செல்களும் ஒட்டி வருவது. திரையில் கோடுகள் இரட்டையாகத் தெரிந்தால் காரணம் இதுதான். துண்டின் ஓரத்துக்கு நகர்த்தினால் ஒற்றை அடுக்கு கிடைக்கும். செல்கள் பெரியவை, 10 மடங்கு பொருளருகு லென்ஸே போதும்.

ரியோ என்ற அலங்காரச் செடியின் இலையில் ஊதா நிற அடிப்பக்கம் ஏறக்குறைய இதற்கு இணை. இலையைச் சாய்வாகக் கிழித்தால் விளிம்பில் மெல்லிய தோல் நீட்டிக்கொண்டு நிற்கும், அதை வெட்டிக்கொள்ளலாம். கியூட்டிகிள் (மெழுகுப் படலம்) உள்ள பக்கம் கரைசலை எளிதில் விடாது, கிழிந்த பக்கம் வழியாகத்தான் அது உள்ளே போகும். இலைத்துளையைச் சுற்றியுள்ள துணைச் செல்களில் நிறம் இருக்காது; அவற்றைப் பார்த்துவிட்டு 'சோதனை தோற்றது' என்று முடிவுகட்ட வேண்டாம். இலைச்சாறு சிலருக்குத் தோலில் அரிப்பு தரும்.

ஹைட்ரில்லா என்ற நீர்த்தாவரத்தில் உரிக்கும் வேலையே இல்லை, இளம் இலையை அப்படியே வைக்கலாம். ஆனால் இரண்டு அடுக்குச் செல்கள், அவையும் சிறியவை. 40 மடங்கு லென்ஸ் வேண்டும். சவ்வு கண்ணில் படாது, பசுங்கணிகங்கள் நடுவே குவிவதை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். சைட்டோபிளாச ஓட்டம் (செல்லுக்குள் இருக்கும் திரவம் நகர்வது) காட்ட அருமையான பொருள், இதற்கு மூன்றாமிடம்தான்.

கரைசல் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. 5% உப்புக்குப் பதில் 5% சர்க்கரை எடுத்தால் பெரும்பாலும் எதுவும் நடக்காது. 100 மி.லி.யில் 5 கிராம் உப்பு சுமார் 0.86 மோலார் (துகள்களின் எண்ணிக்கையை வைத்துச் சொல்லும் செறிவு), இரண்டு அயனிகளாகப் பிரிவதால் விளைவு ஏறத்தாழ இருமடங்கு. அதே 5 கிராம் சுக்ரோஸ் 0.15 மோலார் மட்டுமே. சர்க்கரைதான் வேண்டும் என்றால் 34.2 கிராம் எடுத்து, கரைசலின் மொத்த அளவை 100 மி.லி. ஆக்க வேண்டும், அது 1 மோலார். அது பாகுபோல இருப்பதால் மெதுவாகவே பரவும். வேகத்துக்கு உப்பு நல்லது, ஆனால் லென்ஸிலோ மேடையிலோ பட்டால் உடனே துடைக்காவிட்டால் அரிக்கும்.

கவர் ஸ்லிப்பின் ஒரு பக்கம் இரண்டு சொட்டு விட்டு, எதிர்ப்பக்கம் வடிதாளால் உறிஞ்சுங்கள். கவர் ஸ்லிப் சற்றே கீழிறங்கும், குவியத்தைத் திருத்த வேண்டிவரும். கேமராவின் தானியங்கி வெண்சமநிலையையும் ஒளியளவையும் முன்பே பூட்டிவிடுங்கள்; இல்லையென்றால் நிறம் அடர்த்தியாகும் நேரத்தில் மென்பொருளே அதை வெளுத்துவிடும். 5 நொடிக்கு ஒரு படம் போதும். மேலிருந்து மட்டும் ஒளி விழும் கைப்பிடி யூஎஸ்பி கருவி, பெட்டியில் 1000 மடங்கு என்று போட்டிருந்தாலும் இதற்கு ஆகாது. ஒளி கீழிருந்து ஊடுருவி வர வேண்டும்.

சுவருக்கும் சுருங்கிய சவ்வுக்கும் நடுவே தெரியும் வெள்ளை இடத்தைக் 'காற்று' என்று எழுதும் மாணவர் எப்போதும் உண்டு. அது உள்ளே புகுந்த உப்புக் கரைசல்தான். பிறகு அதே முறையில் தண்ணீரை இழுத்துவிட்டால் செல் மீண்டும் விரிய வேண்டும். விரியாமல் சிவப்பு வெளியே கசிந்து பரவினால் சவ்வு போய்விட்டது. புதுத் துண்டு எடுத்து, 3% கரைசலில், இன்னும் சீக்கிரமாகத் தண்ணீர் மாற்றிப் பாருங்கள்.