இஸ்தான்புல்லில் கிலிம் விரிப்பு வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

போன மே மாதம் இஸ்தான்புல் போயிருந்தோம். நீல மசூதியைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், "இந்தியாவா? ஷாருக்கான்!" என்று ஒருத்தர் ஒட்டிக்கொண்டார். வழி காட்டுகிறேன் என்றவர் கொண்டுபோய் நிறுத்தியது அவர் சித்தப்பாவின் விரிப்புக் கடையில். ஆப்பிள் டீ வந்தது. அதைக் குடித்தபிறகு சும்மா எழுந்துவர நமக்குக் கூச்சம். அது அவர்களுக்கும் தெரியும்.

கிலிம் என்பது நம்ம ஜமுக்காளம் மாதிரி தட்டையாக நெய்வது, ஆனால் கம்பளியில். யோருக் நாடோடிப் பெண்கள் நெய்தது, 120 வருடப் பழசு, சிவப்பெல்லாம் வேர்ச்சாயம் என்றார் கடைக்காரர். இடுப்பில் கைவைத்த பெண் உருவத்தைத் தொட்டுக்காட்டி, "எலிபெலிந்தே, தாய்மைக்கு அடையாளம்" என்றார். (அது மட்டும் உண்மை.) லைட்டரை எடுத்து ஒரு நூலைக் கொளுத்தி மூக்கருகே நீட்டினார். முடி கருகிய வாடை. கம்பளியேதான்! 1,400 யூரோவில் ஆரம்பித்து 550-க்கு முடித்தோம். பேரத்தில் ஜெயித்த பெருமை வேறு எனக்கு.

வீட்டில் விரித்ததும் அம்மா முதலில் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறந்த ஊர் பவானி.

"குஞ்சத்தைத் தனியா வச்சுத் தச்சிருக்காங்க கண்ணு. பாவு நூலுதானே குஞ்சமா வரோணும்?"

பாவு என்றால் விரிப்பில் நெடுக்கே ஓடும் நூல். வயிற்றைக் கலக்கியது. ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். கிலிமில் பெரும்பாலும் இரண்டு நிறம் நெடுக்காகச் சந்திக்கும் இடத்தில் ஊடைநூல் (குறுக்கே ஓடும் நூல்) திரும்பிவிடும். அங்கே சின்னப் பிளவு விழுந்து வெளிச்சம் தெரியும். இதில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. பிளவு விடாத நெசவும் உண்டு என்பதால் ஒரு நூலை உருவிக் கொளுத்தினேன். பிளாஸ்டிக் நாற்றத்தோடு உருகி, கறுப்பு மணியாக இறுகியது.

மனைவி கடையில் எடுத்த வீடியோவைத் திரும்பப் போட்டோம். அந்த ஆள் நூல் உருவியது பக்கத்தில் மடித்துக் கிடந்த வேறொரு விரிப்பில்.

அப்புறம் தெரிந்துகொண்டது: பழைய விரிப்பைத் துருக்கியிலிருந்து வெளியே கொண்டுவர அருங்காட்சியகச் சான்றிதழ் வேண்டும். 120 வருடம் என்று சத்தியம் செய்தவர் அந்தப் பேப்பரைப் பற்றி வாயே திறக்கவில்லை. பில்லிலும் "கைவேலை விரிப்பு" என்று ஒரே வரி. வயது, நூல் எதுவும் இல்லை. நீங்கள் வாங்கினால் இரண்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள். மழுப்பினால், டீ பாதியில் இருந்தாலும் எழுந்துவிடுங்கள்.

உருகிய நூலைப் படம் எடுத்துக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. மறுநாள் பார்த்தால் அவருடைய முகப்புப் படத்தையே காணோம்.