24 வோல்ட் கேட்டுப் போனேன், கேபிள் மாற்றி அனுப்பினார்

எங்கள் டிராக்டர் 35 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர், என்னைவிட இரண்டு வயது மூத்தது. மார்கழிக் குளிரில், தேன்கனிக்கோட்டைப் பக்கம், விடிகாலையில் செல்ஃப் அடித்தால் இரண்டு முனகல் முனகிவிட்டு நின்றுவிடும். அதனால் சாயங்காலமே இறக்கம் பார்த்து நிறுத்திவிடுவோம். புது பேட்டரி போட்டும் அதே கதைதான்.

பேட்டரி வோல்டேஜை இரண்டு மடங்காக்கினால் பழைய டிராக்டர் பட்டென்று ஸ்டார்ட் ஆகும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். சரி, இரண்டு 12 வோல்ட் பேட்டரியைச் சேர்த்து 24 ஆக்கிவிடலாம் என்று ஓசூர் ரோட்டில் உள்ள செல்ஃப், டைனமோ வேலைக் கடைக்கு வண்டியை ஓட்டிப் போனேன். போர்டில் எழுத்தே மங்கிப்போன கடை. விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரர் கேட்டார்:

"அது எந்த ஊரு வீடியோ தம்பி?"

"அமெரிக்கா அண்ணா."

"அங்க பழைய வண்டி 6 வோல்ட். அவன் 12க்கு வரான். நீ ஏற்கெனவே 12லதான இருக்க?"

வீட்டுக்கு வந்து தேடினால் அவர் சொன்னது சரி. 1947 முதல் 1952 வரை வந்த ஃபோர்டு 8என் மாதிரி வண்டிகளில் 6 வோல்ட் பேட்டரிதான். 12க்கு மாற்றுகிறவர்கள் பல்பு, சார்ஜிங் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுகிறார்கள். நம் 12 வோல்ட் செல்ஃபுக்கு 24 கொடுத்தால் வேகமாகச் சுற்றும்தான். ஆனால் பெண்டிக்ஸ் (செல்ஃபிலிருந்து பாய்ந்து எஞ்சினைச் சுற்றிவிடும் சின்னப் பல்சக்கரம்) பாய்கிற வேகத்தில், அது போய்க் கடிக்கும் ரிங் கியர் என்ற எஞ்சின் பல்வளையத்தில் பல் போய்விடும் என்றார்.

வண்டியை ராத்திரி விட்டுப் போகச் சொன்னார். மறுநாள் காலை, எஞ்சின் ஆறிக் கிடக்கையில், வண்டி ஸ்டார்ட் ஆகாமலிருக்க, எஞ்சினை நிறுத்தும் ஸ்டாப் ராடை இழுத்துப் பிடித்துக்கொண்டு என்னைச் செல்ஃப் அடிக்கவிட்டு மீட்டர் வைத்தார். பேட்டரி முனையில் 10.6. செல்ஃப் மோட்டார் முனையில் 8.3. இரண்டே கால் வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போகிறது! அரை வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாதாம். எவரோ எப்போதோ ஒல்லிக் கேபிள் போட்டிருக்கிறார்கள். எர்த் வயரோ பெயின்ட் மேலேயே போல்ட் போட்டு இறுக்கியிருந்தது.

50 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் கேபிள் போட்டு, கேபிள் முனையில் மாட்டும் லக்கைப் பஞ்ச் பண்ணி, எர்த்தைச் சுரண்டிப் பளபளவென்றாக்கி செல்ஃப் மோட்டார் போல்ட்டிலேயே கொடுத்தார். கார்பன் பிரஷ், புஷ் மாற்றினார். கழற்றிய பழைய சாமானைச் சாக்கில் கட்டிக் கையில் தந்தார். எந்தக் கடையில் இப்படித் தருகிறார்கள்? மொத்தம் 2,400 ரூபாய். இன்னொரு பேட்டரியே அதற்கு மேல் ஆகியிருக்கும்.

இப்போது செல்ஃப் முனையில் 10.1. விடிகாலையில் ஒரே அடியில் பிடிக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. ஒரு நாள் வேலை என்று சொல்லி மூன்று நாள் இழுத்தார். போன் எடுக்கவே மாட்டார். பில் கேட்டால் காலண்டர் தாளைக் கிழித்து எழுதித் தருவார். போகிறவர்கள் உழவு இல்லாத வாரமாகப் பார்த்துப் போங்கள்.