பெட்டி ரீவி முதல் ஓலெட் வரை: வன்னி வீடுகளில் பாவித்துப் பார்த்தது

கடைக்குள் எல்லா ரீவியும் நல்ல ரீவிதான். கிளிநொச்சியில் எந்தக் கடைக்குப் போனாலும் பவளப்பாறை மீனும், இரவு நேர நகரமும், வெட்டி வைத்த பழங்களும் மாறி மாறி ஓடிக்கொண்டிருக்கும். திரையின் திறமையைக் காட்டவென்றே 4கேயில் எடுத்த படங்கள் அவை. வெளிச்சமும் நிறமும் உச்சத்தில் வைத்திருப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, டிஷ் வயரைக் கொழுவி, மத்தியானச் செய்தியைப் போட்டால்தான் வாங்கியது என்னவென்று தெரியவரும்.

எங்கள் வீட்டில் முதலில் இருந்தது 21 இஞ்சி பெட்டி ரீவி. பிறகு 32 இஞ்சி எல்இடி. இப்போது விறாந்தையில் 43 இஞ்சி 4கே இருக்கிறது, 32 அறைக்குள் போய்விட்டது. வவுனியாவில் அண்ணா வீட்டில் 55 இஞ்சி க்யூஎல்இடி. புதுக்குடியிருப்பில் மச்சான் வீட்டில் ஓலெட். தமக்கை கனடாவிலிருந்து வந்து நின்றபோது கொழும்பில் வாங்கிக் கொடுத்தது. இவை எல்லாவற்றிலும் வருசக்கணக்காகச் செய்தி, கிரிக்கெட், சீரியல், யூரியூப் என்று பார்த்தாயிற்று.

வன்னிக்கு ரீவி சீராக வந்ததே பிந்தித்தான். அரச ரீவியான ரூபவாஹினி 1982இல் தொடங்கியது. ஆனால் ஏ9 வீதியில் மாங்குளம் தாண்டி வரும் கொக்காவிலில் இருந்த ஒளிபரப்பு நிலையம் 1990இல் சண்டையோடு போனது. அதன் பிறகு மண்ணெண்ணெய் ஊற்றி ஜெனறேற்றர் போட்டு, ஊரே ஒரு முற்றத்தில் குந்திப் படம் பார்த்த காலம். இப்போது அங்கே நிற்கும் 174 மீற்றர் கோபுரம் 2011இல்தான் திறக்கப்பட்டது. ஆகவே எங்களில் பலருக்குப் பெட்டி ரீவியிலிருந்து தட்டை ரீவிக்கு வந்தது ஒரே தாவல். இடையில் வந்த பிளாஸ்மாவை இந்தப் பக்கம் கண்டவர் குறைவு.

சரி, பெயர்களுக்கு வருவோம். எல்இடி ரீவி என்று நாங்கள் சொல்வது எல்சிடி ரீவிதான். எல்சிடித் திரை தானாக ஒளி விடாது, பின்னால் வெளிச்சம் வேண்டும். அந்த வெளிச்சத்துக்கு முன்பு மெல்லிய குழல் விளக்கு வைத்தார்கள், இப்போது எல்இடி. க்யூஎல்இடியும் இதே குடும்பம்தான். பின்னால் நீல எல்இடி, முன்னால் குவாண்டம் டொட் என்ற நுண்ணிய துகள்கள் உள்ள தாள். நீல ஒளியில் ஒரு பகுதியை அந்தத் துகள்கள் சுத்தமான சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றிவிடும். அதனால்தான் அண்ணா வீட்டில் கோயில் திருவிழா வீடியோ போட்டால் பட்டுச் சேலைகளின் நிறம் கண்ணைப் பறிக்கிறது. ஓலெட் முற்றிலும் வேறு. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். கறுப்பு வேண்டிய இடத்தில் வெளிச்சமே இராது. க்யூஎல்இடியையும் ஓலெட்டையும் ஏறக்குறைய ஒன்று என்று சொல்லி விற்கிறவர் இருந்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

விலைப் பலகையில் எழுதாத ஒரு விசயம்தான் எங்கள் வீட்டுக்கு அதிகம் முக்கியமாக இருந்தது. எல்சிடித் திரையில் பெரும்பாலும் இரண்டு வகை வரும்: விஏ, ஐபிஎஸ். விஏ திரையில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும். வெளிச்சத்துக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் 3000க்கு 1, அதற்கு மேலும் போகும். ஐபிஎஸ்ஸில் அது ஏறக்குறைய 1000க்கு 1. இரவில் லைற்றை அணைத்துவிட்டுப் படம் பார்த்தால் ஐபிஎஸ்ஸின் கறுப்பு சாம்பல் பூசியதுபோலத் தெரியும். ஆனால் விஏயைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் நிறம் வெளிறிப்போகும்.

இணையத்தில் ரீவி பற்றி எழுதுகிற பலர் விஏதான் சிறந்தது என்பார்கள். அவர்கள் வீட்டில் எல்லாரும் ரீவிக்கு நேரே சோபாவில் இருக்கிறார்கள் போல. எங்கள் வீட்டில் அம்மா குசினி வாசலில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டே சீரியல் பார்ப்பார். பிள்ளைகள் ரீவிக்குக் கீழே பாய் போட்டுப் படுத்திருப்பார்கள். யாராவது வந்தால் வெளித் திண்ணையில் இருந்து யன்னலுக்குள்ளால் ஸ்கோர் கேட்பார்கள். நேரே கதிரை போட்டுப் பார்க்கிறவர் ஒருவர் இருந்தால் பெரிய காரியம். விஏயான 32 விறாந்தையில் நின்ற காலம் முழுவதும், வில்லியின் முகம் வெள்ளையடித்ததுபோல இருக்கிறதென்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். ஐபிஎஸ்ஸான 43 வந்த பிறகு அந்தக் கதை நின்றது. அறைக்குள் கட்டிலுக்கு நேரே போன 32 அங்கே அருமையாக இருக்கிறது. ஆகவே கடையில் நேரே நின்று மெய்மறந்து பார்க்காதீர்கள். இரண்டு அடி பக்கம் தள்ளி நின்று, பிறகு குந்தியிருந்து, மனிதர் முகம் வருகிற காட்சியைப் பாருங்கள். முகம் வெளிறினால் அது விஏயாக இருக்கும்.

4கே பற்றி ஒரு கணக்கு. டிஷ்ஷில் வருகிற சாதாரணத் தரச் சனல் 720க்கு 576 புள்ளி, அதாவது ஏறக்குறைய 4 இலட்சத்து 15 ஆயிரம். 4கே திரையில் 3840க்கு 2160, ஏறக்குறைய 83 இலட்சம். சரியாக 20 மடங்கு. வருகிற ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு மற்ற 19ஐ ரீவி ஊகித்து நிரப்ப வேண்டும். விலை கூடிய ரீவிகளில் அந்த ஊகம் ஓரளவு நன்றாக இருக்கும், மலிவானவற்றில் முகம் மெழுகுபோல ஆகிவிடும். எங்கள் 32 இஞ்சியில் இருப்பது 1366க்கு 768தான். அதில் இதே சனல் இரண்டரை மடங்குதான் பெருக்கப்படுகிறது. செய்தி வாசிப்பவரின் முகம் 43ஐவிட 32இல் வடிவாகத் தெரிவதன் காரணம் இதுதான். அயலில் 55 இஞ்சி வாங்கிவிட்டு "டிஷ்காரன் சரியில்லை" என்று திட்டுகிறவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வது.

யூரியூப்பும் நெட்பிளிக்ஸும் பார்த்தால் கதை வேறு, அங்கே 4கே தன் வேலையைக் காட்டும். ஆனால் நெட்பிளிக்ஸில் 4கே ஒரு மணித்தியாலத்துக்கு 7 ஜிபி வரை குடிக்கும், எச்டி என்றால் 3 ஜிபி அளவு. பைபர் உள்ள ரவுண் வீடுகளுக்கு அது பொருட்டில்லை. சிம் போட்ட ரவுட்டரில் காலம் ஓட்டுகிற எங்களுக்கு மாத டேற்றா இரண்டு படத்தோடு தள்ளாடும்.

வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டுவது எச்டிஆர். அந்த எழுத்துக்கு மலிவு ரீவியில் காசு கொடுக்க வேண்டாம். எச்டிஆர் படங்களைப் பெரும்பாலும் 1000 நிற்ஸ் வெளிச்சத்தை மனதில் வைத்துத் தயாரிக்கிறார்கள். 250, 300 நிற்ஸ் தரும் ரீவி அந்தச் சிக்னலை வாங்கிக்கொள்ளும், காட்ட முடியாது. என் 43இல் எச்டிஆர் படம் போட்டால் வழக்கத்தைவிட இருட்டாகத்தான் வருகிறது. மச்சான் வீட்டு ஓலெட்டில் அதே படத்தை இரவில் பார்த்தபோது விளக்குச் சுடர் வேறு, அதன் பின்னால் உள்ள இருட்டு வேறாகத் தெரிந்தது. படத்துக்கு ஓலெட்டுக்கு நிகர் நான் பார்த்ததில் இல்லை. கிரிக்கெட்டும் அப்படித்தான், புள்ளி உடனே மாறுவதால் வேகப்பந்துக்குப் பின்னால் வால் இழுபடாது.

ஆனால் பகலில் அந்த ஓலெட் முகம் பார்க்கும் கண்ணாடி. வாசலும் யன்னலும் திறந்திருந்தால் படத்தைவிட முற்றத்து வேம்பு வடிவாகத் தெரிகிறது. யன்னலைச் சாத்தினால் தகரக் கூரைக்குக் கீழே வேர்த்து ஊற்றும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் புழுதி வேறு. வெளிச்சம் கூடிய அண்ணாவின் க்யூஎல்இடி பகலில் நன்றாகச் சமாளிக்கிறது.

ஓலெட்டில் இன்னொரு சிக்கல், எங்கள் பழக்கத்தோடு முட்டுகிற சிக்கல். ஒரே இடத்தில் நாள் முழுக்க நிற்கும் சனல் சின்னம், ஸ்கோர்ப் பட்டை போன்றவை காலப்போக்கில் திரையில் தடம் பதிக்கலாம். அதைத் தடுக்க, சில மணித்தியாலம் பார்த்த பிறகு ரிமோட்டில் அணைத்ததும் ரீவி தனக்குத் தானே புள்ளிகளைச் சரிபார்க்கும். அதற்குக் கரண்ட் வேண்டும். எங்கள் ஊர் வீடுகளிலோ ரிமோட்டில் அணைத்த கையோடு சுவரில் சுவிட்சையும் நிறுத்துவோம். இடிமின்னல் காலத்தில் பிளக்கையே கழற்றுவோம். மச்சான் வீட்டில் மாமி இதில் மகா கண்டிப்பு. இப்போது அந்தத் திரையில் சிவப்பு நிறம் முழுதாக வரும் காட்சியில், வலது பக்க மேல் மூலையில் செய்திச் சனல் சின்னத்தின் நிழல் மெல்லியதாகத் தெரிகிறது. மாமியிடம் சுவிட்சை விட்டு வையுங்கள் என்று சொல்லலாம்தான். ஐப்பசியில் இடி முழங்கும்போது யார் சொல்வது?

மின்னல் விசயத்தில் மாமி சொல்வதுதான் சரி. பிளக்கோடு டிஷ் வயரையும் கழற்ற வேண்டும். பலர் பிளக்கை மட்டும் கழற்றுகிறார்கள், இடி டிஷ் வயரால் வருகிறது. வோல்ற்றேஜ் குறைவதற்கு முன்புபோலப் பயப்படத் தேவையில்லை. தோட்டங்களுக்கு மோட்டர் போடுகிற நேரம் பெட்டி ரீவியின் படம் சுருங்கியதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். இப்போது பல ரீவிகளின் பின்னால் 100 முதல் 240 வோல்ற் வரை என்று ஒட்டியிருக்கும். அவை குறைந்த வோல்ற்றேஜில் தாராளமாக ஓடும். ஆபத்து, கரண்ட் போய்த் திரும்பி வருகிற கணத்தில் எகிறுவது. 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் குரங்கு புகுந்து நாடு முழுக்க இருண்டதாமே, அப்போதும் நாங்கள் முதலில் ஓடிப்போய்க் கழற்றியது ரீவி பிளக்கைத்தான். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற காலத்தில் கைகொடுத்தது 32 இஞ்சிதான். 40 வோற் அளவில் ஓடுவதால் பற்றரியும் இன்வேட்டரும் வைத்துப் பார்க்க முடிந்தது. 100 வோற்றுக்கு மேல் இழுக்கும் அண்ணாவின் 55 அந்தக் காலம் முழுக்கச் சும்மா தொங்கியது.

எல்இடி ரீவிகளில் பொதுவாக முதலில் போவது பின்வெளிச்சம். எங்கள் 43க்கும் அதுதான் நடந்தது: சத்தம் வந்தது, படம் இல்லை. திருத்துகிற அண்ணைக்குப் போன் எடுத்தேன். "தம்பி, சத்தம் வருதோ? அப்ப போர்ட் உயிரோடதான் இருக்கு. ரோச் லைற்றைச் சரிச்சு அடிச்சுப் பாரும்" என்றார். அடித்துப் பார்த்தால் இருட்டுக்குள் ஆட்கள் மங்கலாக நடமாடுகிறார்கள். வந்து, முதலில் காற்றாடியை நிறுத்தச் சொன்னார். திரைக்குப் பின்னால் உள்ள தாள்களுக்கு இடையில் ஒரு தூசி போனாலும் அது பிறகு படத்தில் புள்ளியாகவே நிற்கும். திரையை இருவர் பிடித்துக் கழற்றி, வெள்ளைத் தாள்களை ஒழுங்கு மாறாமல் எடுத்து வைத்தோம். உள்ளே நீளப் பட்டிகளில் எல்இடிகள், ஒவ்வொன்றின் மேலும் சின்ன வில்லை. ஒன்றில் மட்டும் மஞ்சள் பொட்டின் நடுவில் கறுத்த புள்ளி. எல்லாம் தொடராக இணைத்தவை என்பதால் ஒன்று போனதும் எல்லாம் அணைந்துவிட்டன. பழையதும் புதியதுமாகக் கலந்தால் திரையில் வெளிச்சம் திட்டுத்திட்டாக வரும் என்று பட்டிகள் முழுவதையும் மாற்றினார். போகும்போது பின்வெளிச்சத்தை 60க்குக் குறைத்து வைத்தார். "கடையில வைச்ச வெளிச்சத்தோட ஓட்டினா சூட்டில போயிடும்" என்றார். புது ரீவி வாங்கியவர்களுக்கு இன்றே செய்யச் சொல்வது இதைத்தான்.

ஸ்மார்ட் வசதி பற்றி அதிகம் இல்லை. மலிவு ரீவிகளில் உள்ள 1 ஜிபி ராம் இரண்டாம் வருசமே மூச்சுவாங்கும். யூரியூப், நெட்பிளிக்ஸ் ஓட்டுகிற, எச்டிஎம்ஐயில் கொழுவுகிற ஸ்டிக் ஒன்றை வாங்கினால் காரியம் முடிந்தது. சத்தம்தான் எல்லாத் தட்டை ரீவிக்கும் குறை. ஸ்பீக்கரைக் கீழ்ப்பக்கமாகவோ பின்பக்கமாகவோ வைக்கிறார்கள். தகரத்தில் மழை கொட்டும்போது எந்த ரீவியிலும் ஒன்றும் கேட்காது. அந்த மழையில் டிஷ் படமும் கட்டம் கட்டமாக உடைந்துவிடும் என்பதால் அது பெரிய நட்டமில்லை.

என்னிடம் கேட்டால், டிஷ் மட்டும் பார்க்கிற வீட்டுக்கு 32 போதும். நாலாபக்கமும் இருந்து பார்க்கிற விறாந்தைக்கு 43 ஐபிஎஸ். இணையம் நன்றாக உள்ள, பகலில் வெளிச்சம் கூடிய வீட்டில் காசிருந்தால் க்யூஎல்இடி. இருட்டு அறையும் படப் பைத்தியமும் சுவர் சுவிட்சை விட்டுவைக்கிற மனிதர்களும் ஒரே வீட்டில் இருந்தால் ஓலெட்.

எதை வாங்கினாலும் கடையிலேயே பெட்டியைத் திறந்து போட்டுப் பார்த்து, வெள்ளைத் திரை ஒன்று வரச்செய்து மூலைகளைக் கவனித்துவிட்டு எடுங்கள். திரை உடைந்தால் மாற்றுகிற செலவு புது ரீவிக்குக் கிட்டப் போகும், உடைவுக்கு உத்தரவாதமும் கிடையாது. உள்வீதிகளில் ஆட்டோவிலோ லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்திலோ கொண்டுபோகும்போது பெட்டியைப் படுக்கப் போடாமல் நிமிர்த்தி வைத்து, ஒருவர் கூட இருந்து பிடித்துக்கொள்ள வேண்டும்.