மூச்சே விடாத அக்கா: ஒரு ஆடியோ கதை ஆப்புக்கு ஒரு வருஷம் காசு கட்டின அனுபவம்

5க்கு 2 ஸ்டார். அந்த ரெண்டும் முதல் 40 எபிசோடுக்கு மட்டும்.

ஆப் பேரு வேண்டாம், இப்ப பாதி ஆப்ல இதே நெலமதான். போன வருஷம் அம்மாவுக்கு ரெண்டு கண்ணுலயும் கேட்ராக்ட் ஆபரேஷன், கொஞ்ச நாளைக்கு டிவி பாக்காதீங்க புக்கு படிக்காதீங்கன்னு சொல்லிட்டாங்க, வாழ்நாள் பூரா வாரப் பத்திரிகையில தொடர்கதை படிச்ச மனுஷி சும்மா ஒக்காந்திருக்க முடியுமா, அதான் 399 ரூபா கட்டி வருஷ சந்தா போட்டு மகாபாரதம் எடுத்து வச்சேன். ஒரு அக்கா வாசிச்சிருந்தாங்க. தொழில்முறை குரல்லாம் இல்ல, பின்னாடி ஃபேன் சத்தம் கேக்கும், ஒரு எபிசோட்ல குக்கர் விசில் கூட வந்துச்சு. ஆனா சகுனி பேசும்போது மட்டும் கொஞ்சம் இழுத்து, சிரிக்கிறாரா இல்லையான்னே தெரியாத மாதிரி ஒரு பேச்சு. சூதாட்டம் வர்ற அன்னிக்கு அம்மா முருங்கக்கீரை ஆயுறத நிறுத்திட்டு காம்ப கையில வச்சுக்கிட்டே ஒக்காந்திருந்தாங்க, நான் வந்து என்ன சமையல்னு கேட்டதுக்கு சும்மா இருடின்னு ஒரு அதட்டல்.

வாரத்துக்கு ரெண்டு எபிசோடுதான் வரும். திடீர்னு ஒரு நாள் பாத்தா 41ல இருந்து 100 வரைக்கும் மொத்தமா வந்து கெடக்கு. எங்களுக்கு ஒரே சந்தோஷம்.

ரெண்டு நாள் கழிச்சு அம்மா கேட்டாங்க, "ஏண்டி, இந்தப் பொண்ணு மூச்சே விடமாட்டேங்குதே, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

நானும் ஹெட்போன் மாட்டி கேட்டேன். அதே அக்கா குரல் மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. ஃபேன் சத்தம் இல்ல, குக்கர் இல்ல, சுத்தமா பளிங்கு மாதிரி ஆடியோ. மூச்சு வருது, வரலன்னு சொல்ல முடியாது, ஆனா "அர்ஜுனன் காண்டீவத்தை" அப்படின்னுட்டு ஒரு மூச்சு, அப்புறம் "எடுத்தான்". எந்த மனுஷனாவது அங்க மூச்சு விடுவானா? அப்பதான் புரிஞ்சுது, மிஷின்.

இதுக்கப்புறம் நடந்ததுதான் காமெடி. "பீமன் கதையைச் சுழற்றினான்"னு ஒரு வரி. கதாயுதத்துக்கு வர்ற க வேற, அம்மா கத சொல்லும்மான்னு கேக்குற க வேற, எழுத்து ரெண்டுக்கும் ஒண்ணுதான். நம்ம எழுத்தோட விஷயமே அது, பல்லுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே ப போட்டுட்டு, எங்க எப்படி சொல்லணும்னு படிக்கிறவன் தலையில கட்டிட்டோம், நம்ம யோசிக்காமலே சரியா படிச்சிடுவோம். மிஷின் அசால்ட்டா story கதைய எடுத்து சுழட்ட விட்டுடுச்சு. அம்மா விழுந்து விழுந்து சிரிச்சாங்க, "கதைய எப்படிடி சுழட்டுவான், கதைதான் அவன சுழட்டுது"ன்னு. அடுத்து, ஒருத்தி முகத்துல எந்த பாவமும் இல்லாம நின்னாளாம். பரதநாட்டியத்துல சொல்ற பாவம் அது, இங்க ஐயோ பாவம் ஆயிடுச்சு. 

சிரிப்பு அபிமன்யு எபிசோட்ல நின்னு போச்சு. பதிமூணாம் நாள், பையன் வியூகத்துக்குள்ள மாட்டிக்கிட்டான், தேர் போச்சு, வில்லு போச்சு, கடைசியில தேர்ச் சக்கரத்த தூக்கிட்டு நிக்கிறான். அந்த எடத்த பயணிகளின் கனிவான கவனத்திற்கு ரேஞ்சுல வாசிச்சா எப்படி இருக்கும்? நியாயமா பாத்தா அந்த ரயில்வே ஸ்டேஷன் குரல நான் குறையே சொல்ல மாட்டேன். அது ஒரு மனுஷர் பேசி பதிவு பண்ணின துண்டுகள ஒட்டி வச்சது, வண்டி எந்த பிளாட்பாரம்னு தெரிஞ்சா போதும், அதுல உருக்கம் எதுக்கு. இப்ப வர்றது ஒட்டு வேலை இல்ல. 2016ல கூகுளோட ஏஐ கம்பெனி டீப்மைண்ட்காரங்க வேவ்நெட்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, நொடிக்கு 16,000 புள்ளின்னு ஒலி அலையையே ஒண்ணொண்ணா கணிச்சு உருவாக்குற முறை, அதுக்கப்புறம்தான் இந்த குரலெல்லாம் ஆளு பேசுற மாதிரியே ஆனது. வழவழன்னு இருக்கு, ஆனா சக்கரத்த தூக்கினவன் பதினாறு வயசு பையன்னு அதுக்குத் தெரியாதே.

எதுலயும் மிஷின் குரலே கூடாதுன்னு நான் சொல்லல. எனக்குத் தெரிஞ்ச பார்வையில்லாத நண்பர் ஒருத்தர், திரையில இருக்குறத வாசிச்சுச் சொல்ற ஸ்கிரீன் ரீடர மூணு மடங்கு ஸ்பீடுல ஓட விட்டு காலையில பேப்பர் மொத்தத்தையும் முடிச்சிடுவார், எனக்கு ஒரு வார்த்தை பிடிபடாது, அவருக்கு எல்லாம் புரியும். அவர் கிட்ட போய் மனுஷக் குரல்தான் ஒசத்தின்னு நான் பேசினா செருப்பால அடிப்பார்.

என் கோவம் வேற. மிஷின்தான் வாசிக்குதுன்னு எங்கயுமே சொல்லல. 40 எபிசோட் வரைக்கும் "குரல்"னு போட்டு அந்த அக்கா பேரு இருந்துச்சு, 41ல இருந்து அந்த வரியே காணோம், அவ்வளவுதான். அமேசானோட ஆடியோ புக் ஆப் ஆடிபிள்ல மிஷின் வாசிச்ச புக்குக்கு வாசிச்சவர் பேரு இருக்க வேண்டிய எடத்துல வர்ச்சுவல் வாய்ஸ்னு போட்டுடுறாங்க, ஆப்பிள் 2023ல மிஷின் வாசிச்ச ஆடியோ புக்க ஆரம்பிச்சப்பவும் இது டிஜிட்டல் குரல்னு சொல்லித்தான் வித்தாங்க. வேணும்னா வாங்கு, வேணாம்னா போ. இங்க காசு வாங்கின பெறகு கமுக்கமா ஆள மாத்தியிருக்காங்க.

அந்த அக்கா குரல வச்சேதான் பண்ணினாங்களான்னும் ஒரு டவுட்டு. அப்படின்னா அவங்களுக்கு தெரியுமா, காசு போச்சா? கனடாவுல பெவ் ஸ்டாண்டிங்னு ஒரு குரல் கலைஞர், வேற ஏதோ வேலைக்கு பேசிக் குடுத்த குரல் டிக்டாக்ல வந்து நிக்குதுன்னு 2021ல கேஸ் போட்டு அப்புறம் செட்டில் ஆச்சு. நம்ம ஊர்லயே லால் சலாம் படத்துல ரஹ்மான், மறைஞ்ச பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ரெண்டு பேர் குரலையும் ஏஐ வச்சு கொண்டு வந்தப்ப குடும்பத்துக்கிட்ட கேட்டு, காசும் குடுத்துதான் பண்ணினேன்னு வெளிப்படையா சொன்னார். எறந்தவங்களுக்கே அந்த மரியாதை. இவங்க எபிசோடுக்கு எபிசோட் ஃபேன் சத்தத்தோட வாசிச்ச அந்த அக்காவ பத்தி ஒரு வரி போடல.

கஸ்டமர் கேர் சாட்ல கேட்டேன், 41க்கு மேல யாரு வாசிக்கிறாங்கன்னு. "உங்கள் கேட்டல் அனுபவத்தை மேம்படுத்தி வருகிறோம்" அப்படின்னு பதில். மறுபடி கேட்டேன், எழுத்து மாறாம அதே பதில். அங்கயும் மிஷின் போல. ரீஃபண்ட் கேட்டதுக்கு பாதி வருஷம் ஓடிடுச்சு முடியாதுன்னுட்டாங்க, அத மட்டும் டக்குனு சொன்னாங்க.

ஆப்ப பத்தி மத்த விஷயம்: டவுன்லோட் ஆகுது, ஸ்பீடு மாத்தலாம், ஸ்லீப் டைமர் இருக்கு, விட்ட எடத்துல இருந்து ஒழுங்கா எடுக்குது. மனுஷங்க வாசிச்சத மட்டும் காட்டுன்னு தேடுறதுக்கு வழி இல்ல. ஆட்டோபேவ ஆஃப் பண்ணிட்டேன்.

அம்மா பதினாறாம் நாள் போரோட நிறுத்தி வச்சிருக்காங்க. அடுத்தது கர்ணன். "அவன் சாகுறத அந்தக் குரல்ல கேக்க மாட்டேன்"னு சொல்லிட்டாங்க, கண்ணு நல்லா ஆனதும் புக்குலயே படிச்சுக்குறேன்னு இருக்காங்க. அதுக்குள்ள யாராவது ஆளு வாசிச்ச நல்ல மகாபாரதம் எங்க இருக்குன்னு தெரிஞ்சா சொல்லுங்க, குக்கர் விசில் வந்தாலும் பரவால்ல.